அப்பா ஏன் பேசுவதில்லை? அம்மா ஏன் எரிந்து விழுகிறார்?

தோல் தொழிலாளர்களுக்காக நாம் அச்சடிக்கும் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாலாறு இருக்கும். குரோமியம் இருக்கும். பீஸ் ரேட், பி.எஃப்., போனஸ் இருக்கும். சாதி இருக்கும். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அந்த மனிதர் என்ன ஆகிறார் என்பது மட்டும் இருக்காது.

அது அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த ஊரில் கூட்டம் போட்டாலும், வரும் தம்பி தங்கைகளில் பலர் அதைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். கூட்டத்தில் பேசமாட்டார்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ராத்திரி போனில் சொல்வார்கள். "எங்க நைனா யார்கிட்டயும் பேசறதே இல்லக்கா. வருது, படுக்குது, எழுந்து போவுது." "அம்மாவ எதக் கேட்டாலும் கத்துது. அப்புறம் தனியா உக்காந்து அழுவுது."

சொல்லி முடித்ததும் ஒரு முடிவுரையும் தருவார்கள். "அது குடிகாரன், அவ்ளோதான்." அல்லது, "அம்மா அப்படித்தான்."

அந்த "அவ்ளோதான்" பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மனச்சோர்வு என்பது ஒருநாள் வருத்தம் அல்ல. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது. பிடித்த எதிலும் ஒட்டாமல் போவது. தூக்கமும் பசியும் கெடுவது. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற நினைப்பு ஓயாமல் சுற்றுவது. சிலருக்குச் சாவு பற்றிய நினைப்பு. அது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் நம் சேரியில் அந்தப் பெயரில் அது வருவதில்லை. "கை கால் அசந்து போச்சு", "தல பாரமா கீது", "நெஞ்ச அடைக்குது", "ராத்திரி கண்ணு மூடல" என்று உடம்பின் மொழியில் வருகிறது. கிளினிக்குக்குப் போனால் ஒரு சத்து ஊசி, ஒரு வலி மாத்திரை. ஆண்களிடம் பல நேரம் கோபமாகவும் குடியாகவும் வருகிறது. குடிக்கிற எல்லோருக்கும் மனச்சோர்வு என்று நான் சொல்லவில்லை. குடிக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாருமே கேட்பதில்லை என்கிறேன். டாஸ்மாக் கடை நம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மனநல மருத்துவர் வரவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று அது சொன்னது. அதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று. மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த 85இல் நம் வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்று ஊகிப்பது கடினமல்ல.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் தங்கள் மனநிலை பற்றிச் சொல்வது, உயர்சாதி இந்துக்கள் சொல்வதைவிட மோசமாக இருக்கிறது. சொத்தும் படிப்பும் சமமாக இருப்பவர்களை ஒப்பிட்டாலும் அந்த இடைவெளி மறைவதில்லை. காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதுவே பதில். வேலூர் தோல் மண்டலத்தில் தோலைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் தலித்துகள், அவர்களோடு ஏழை முஸ்லிம்கள். அந்த ஆய்வு நம் தெருவைப் பற்றியதுதான்.

தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரின் நாளை நினைத்துப் பாருங்கள். ஈரத் தோல், சுண்ணாம்பு, அமிலம், டிரம் சத்தம். தோல் அரிக்கும், மூச்சு இழுக்கும். குளித்தாலும் போகாத ஒரு நாற்றம் சட்டையில் வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் "தோல் நாத்தம்" என்று பிள்ளையைக் கிண்டல் செய்வார்கள். அது அப்பாவின் காதுக்கும் வரும். அவர் பதனிட்ட தோல் பெட்டி கட்டிக் கப்பலேறும்போது அந்நியச் செலாவணி. அவர் டவுனில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நிற்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் முப்பது வருடம் வாழ்ந்தால் அவர் மனம் என்ன ஆகும்?

வேலையும் நிலையாக இல்லை. மாசுக்காக மூடினால் வேலை போகும். ஆர்டர் குறைந்தால் போகும். 2020 ஊரடங்கில் போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, எங்கோ வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு ஆம்பூரில் வயிறு கலங்கியது.

இன்னொரு மாற்றத்தை நாம் சரியாகப் பேசவில்லை. தோல் ஷாப்பில் ஆண்களுக்கு இருந்த வேலை சுருங்க, காலணிக் கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள் அமர்ந்தார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் தெருவுக்கு வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறது. அப்பா திண்ணையில் இருக்கிறார். "ஆம்பளைன்னா சம்பாதிக்கணும்" என்று வளர்க்கப்பட்டவர். அந்தத் திண்ணையில் அவர் மனம் நொறுங்குகிறது, நொறுங்கியது அம்மாவின் மேல் விழுகிறது. அம்மாவுக்கோ டார்கெட், சூப்பர்வைசர் திட்டு, கழிவறைக்குப் போகக் கணக்கு. வீட்டுக்கு வந்தால் சோறு, துணி, தண்ணீர்க் குடம். வேன் ஏற முடியாத பெண்கள் வீட்டிலேயே ஊசி நூலோடு ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். 2016 வாக்கில் வெளியான ஆய்வுகள் ஒரு ஜோடிக்கு 10 ரூபாய்கூடத் தேறாத கூலியைப் பதிவு செய்தன. கழுத்து வலி, கண் எரிச்சல், விரல் புண். அந்தப் பெண்ணை எந்தக் கம்பெனியும் தன் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர் எரிந்து விழுகிறார் என்றால் அது அவருடைய குணமா?

பாலாற்றை மாசுபடுத்திய தோல் ஆலைகள் தொடர்பாக 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கும் எல்லோரும் படிக்கிறார்கள். மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் உறுதியானது. கெட்ட நிலத்துக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமே அமைத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சாவுக்குத் தொகை உண்டு. அந்தச் சாவுக்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் எழுந்திருக்க முடியாமல் படுத்தவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. நிலமில்லாத கூலிக்காரரின் மனம் எந்தச் சர்வே எண்ணில் வரும்?

இப்போது வீட்டுக்குள் வருவோம்.

பெற்றவர் மனச்சோர்வில் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் வானிலை பார்ப்பவர்களாக வளர்கிறார்கள். செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பா இன்றைக்கு எப்படி என்று தெரிந்துகொள்வார்கள். மூத்த பெண் பன்னிரண்டு வயதில் அம்மாவாகிவிடுவாள். சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, மிச்ச நேரத்தில் அம்மாவோடு உட்கார்ந்து அப்பர் தைத்து, பத்தாம் வகுப்போடு நிற்பாள். பையன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தெருவில் வளர்வான், பிறகு அப்பாவின் பாட்டிலையே எடுப்பான். படிக்கிற பிள்ளை ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான், தூங்கியதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்வான். சின்னப் பிள்ளைகள் ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்காமல் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள்: "என்னாலதானா?"

இது கற்பனைப் பேச்சு அல்ல. வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கிராம மக்களிடையே ஆய்வு செய்கிறார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவத்துக்குப் பிறகு 11 விழுக்காடு பெண்கள் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானதைக் கண்டது. காரணங்களில் என்னென்ன இருந்தன? குறைந்த வருமானம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் சிக்கல். கை கொடுக்க ஆள் இல்லாதது. 2004இல் வந்த இன்னோர் ஆய்வு, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவையும் தாயின் மனச்சோர்வையும் தொடர்புபடுத்திக் காட்டியது. அம்மாவின் மனம் சாய்ந்தால் குழந்தையின் எடை குறைகிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறோம், அதை ஊட்டுகிற கையை யாரும் பார்ப்பதில்லை.

அதே ஆண்டு, அதே கணியம்பாடியிலிருந்து லான்செட் இதழில் வந்த ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 148, ஆண்களில் 58. அதன் பின்னணியில் அடிக்கடி வந்த காரணம் குடும்பத்துக்குள் நடந்த சண்டைகள். எண்கள் பழையவை. வீடுகள் மாறிவிட்டனவா?

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தவறான பதில்கள் வருகின்றன.

ஒன்று நம் பக்கத்திலிருந்து. "சாதி ஒழிந்தால், சுரண்டல் ஒழிந்தால் இதெல்லாம் சரியாகிவிடும். மனநோய் என்பதெல்லாம் நடுத்தர வர்க்கத்துப் பேச்சு." சாதி ஒழியும்வரை உன் அம்மா தூங்காமல் இருக்க வேண்டுமா தோழா? தோல் ஷாப்பில் கை வெந்தால் முதலாளியைக் கேள்வி கேட்கிறோம், அதே நேரத்தில் கைக்கு மருந்தும் போடுகிறோம். மனம் வெந்தால் மட்டும் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது என்ன நியாயம்?

இன்னொன்று ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து. "மாத்திரையை ஒழுங்காகப் போடுங்க, கவலைப்படாதீங்க." மாத்திரை வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் கவலைப்படாதே என்று சொல்லும் மருத்துவர், என்ன வேலை, யாரிடம் கடன், எந்தத் தெரு என்று கேட்காமல் சீட்டு எழுதினால், நோயில் பாதியை மட்டுமே பார்த்தார் என்று பொருள்.

போராளிக்கு மனம் உடையக்கூடாது என்று நம்புகிறவர்கள் அண்ணல் அம்பேத்கரின் 1926ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தேடிப் படிக்க வேண்டும். மகன் ராஜரத்னா இறந்த பிறகு நண்பருக்கு எழுதியது. நான்கு பிள்ளைகளைப் புதைத்துவிட்டோம், நானும் என் மனைவியும் இந்த அடியிலிருந்து மீளவில்லை, மீள்வோம் என்றும் தோன்றவில்லை என்ற பொருளில் ஒளிக்காமல் எழுதுகிறார். அடுத்த ஆண்டுதான் மகாத் சவுதார் குளம். நம் பேனர்களில் நீலக் கோட்டும் நீட்டிய விரலும் இருக்கின்றன. அந்தத் தகப்பனின் துயரத்துக்கு இடமில்லை. தன் துயரத்தைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. நம் வீட்டு அப்பாக்கள் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் துயரத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால் அவர் அம்மாவை அடிப்பதற்கு உரிமை வந்துவிடாது. புரிந்துகொள்வது வேறு, பொறுத்துப் போவது வேறு. அடி விழும் வீட்டில் முதல் வேலை அடியை நிறுத்துவது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. "அவருக்கு மனசு சரியில்ல" என்பது அம்மாவை வாய்மூட வைக்கும் இன்னொரு கருவியாக ஆகிவிடக் கூடாது.

சரி, படிக்கிற நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், இது உங்களால் வந்ததல்ல. நீங்கள் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருந்தால், விடுதிக்குப் போகாமல் இருந்திருந்தால், அப்பா சரியாக இருந்திருப்பார் என்பதில்லை. நீங்கள் அவருக்கு மருத்துவரும் அல்ல. மகன், மகள் என்ற இடமே போதும், அதில் செய்ய நிறைய இருக்கிறது. "ஏன் இப்படி இருக்க?" என்பதற்குப் பதிலாக "ராத்திரி தூங்கினியா நைனா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. நாலாவது நாளும் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் "அபசகுனமாப் பேசாத" என்று அடக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் 14416 இரவும் பகலும் தமிழில் பேசும். 104க்கும் அழைக்கலாம். அந்த எண்கள் அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் என்று விசாரித்துக் கூடவே போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கி, சிகிச்சையில் சேர்ந்துகொள்ளும் முறையை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த இடங்களில் அது ஒன்று. குடும்பம் கூட இருந்தால் குணம் நிற்கும் என்பது நம் மாவட்டமே கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் நோயாளியின் கூலியும் துணைக்கு இருப்பவரின் கூலியும் சேர்ந்து போனால் அடுப்பு எரியாது. இங்கேதான் தனிப்பட்ட பாசம் போதாமல், அமைப்பின் வேலை தொடங்குகிறது.

என்ன கேட்க வேண்டும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. பாகுபாடு கூடாது என்று அது சொல்லும் பட்டியலில் "சாதி" என்ற சொல்லும் இருக்கிறது. சட்டமே ஒப்புக்கொண்ட சொல்லை நாம் கேட்கத் தயங்க வேண்டாம். இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கு, தினசரிக் கூலியில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகள்கூடப் பெற வழியிருக்கிறது. தகுதிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்த 34 நோய்களின் பட்டியலில் மனநோய்களும், மனச்சோர்வின் ஒரு வகையும் இருக்கின்றன. நம் தொழிற்சங்கக்காரர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கித் தந்திருக்கிறார்கள்? வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. அதற்கான போராட்டம் மனநலப் போராட்டமும்தான்.

இன்னொரு கோரிக்கை எளிதானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அவர்களே "தூக்கம் எப்படி? மனசு எப்படி?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கப் பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுக்கட்டும். இது நடக்காத காரியமல்ல. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளோடு வீட்டில் உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2008இல் வந்த முடிவு: குழந்தை பிறந்து 6 மாதத்தில், அந்தப் பேச்சு கிடைத்த பெண்களில் 23 விழுக்காட்டினருக்கே நோய் நீடித்தது. கிடைக்காதவர்களில் 53 விழுக்காடு. மருத்துவர் வராத கிராமத்தில் பக்கத்துத் தெருப் பெண் வந்து உட்கார்ந்ததால் நடந்த மாற்றம் இது.

நம் அமைப்புகளும் கொஞ்சம் மாற வேண்டும். கூட்டத்துக்கு வராத தோழரை "ஒதுங்கிட்டான்" என்று தீர்ப்பெழுதும் முன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். மாலைநேரப் படிப்பு மையத்தில் அடிக்கடி விடுப்பு எடுக்கும் பெண்ணிடம் மார்க்கைப் பற்றிக் கேட்கும் முன் வீட்டில் சமைப்பது யார் என்று கேட்போம். நம் அப்பா அம்மாக்களை நாம் "குடிகாரன்", "வாயாடி" என்று அழைக்கும்போது, சேரியைப் பற்றி ஊர் சொல்லும் சொற்களையே நாமும் சொல்கிறோம்.

அடுத்த மே நாள் துண்டறிக்கையில் கூலி, போனஸ், பாலாறு எல்லாம் இருக்கட்டும். இரண்டு வரி மட்டும் சேருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் வாரம் முழுக்க மனநலப் பிரிவு வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வர வசதியாக அது மாலையில் இயங்க வேண்டும். துண்டறிக்கையை வாசலில் நிற்பவர்களுக்குக் கொடுத்த கையோடு ஒன்றை வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஜெய்பீம்.